நாற்பத்தொரு மூட்டை

ஸ்காபரோ, ரொறன்ரோ
12.05.1996

அன்புள்ள தங்கச்சி பேபிக்கு,

முதலில் இந்த எழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. ஒரு எழுத்துப் பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் இருக்கும். வரியெல்லாம் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும். புதிதாக உழவுக்குப் பழக்கிய நாம்பன் இழுத்த சால் என்று நினைத்துக்கொள். ஆனால் இது மகன் கிருபனின் எழுத்தில்லை, மருமகள் நிலாணியின் எழுத்தும் இல்லை. உன் அண்ணன் பத்மநாதன் அறுபத்தெட்டு வயதில் தன் கையால் எழுதுகிறேன். இதைத் தொடங்கியபோது காலைத் தேத்தண்ணீர் குடித்தேன். இப்போது மேசையில் மத்தியானச் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

நீயும் நவரட்ணம் மச்சானும் சுகம்தானே? உன் முழங்கால் வலி எப்படி? இங்கே நாங்கள் மூவரும் சுகம். கிருபன் விட்பி என்ற இடத்தில் வேலை செய்கிறான். இருட்டோடு போய் இருட்டோடு வருகிறான். நிலாணியும் வேலைக்குப் போகிறாள்.

எழுத எப்படிப் பழகினேன் என்று கேட்பாய். பக்கத்துத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வயது போனவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கிறது. அங்கே அருள்நாயகி என்று வதிரிப் பக்கத்து ரீச்சர் ஒருத்தி வருகிறா. சுவரில் ஒட்டியிருந்த தமிழ் அறிவித்தலின் முன்னால் நான் சும்மா நின்றதைக் கண்டு பிடித்துவிட்டா.

"பத்மநாதன் அண்ணை, தமிழே வாசிக்கத் தெரியாமல் ஏ பி சி டியை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் மெசின்கள் உள்ள அறையில், செவ்வாய்க்கிழமைகளில், உடுப்புச் சுற்றி முடியும் வரைக்கும் படிப்பித்தா. எட்டு மாதம். இப்போதும் என்னுடைய 'ழ' பத்தாம் வாய்க்கால் போல வளைந்து போகிறதென்று சிரிக்கிறா.

வகுப்பில் இன்னொருவர் இருக்கிறார். பெயர் அலெக்ஸாண்டர். பிலிப்பைன்ஸ்காரர். எங்கள் கட்டடத்தில் ஏழாம் மாடி. மகள் பேர்ணடெற் முதியோர் இல்லத்தில் வேலை, அவள்தான் இவரை இங்கே கூப்பிட்டது. தன் நாட்டில் அரசாங்கத்தின் திட்டமிடல் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். பிறகு இருபத்து மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பித்தவர். நாலு புத்தகம் எழுதியிருக்கிறார். அவர் படிப்பித்த பிள்ளைகள் இப்போது மந்திரிகளாம். இங்கே சம்பளமில்லாமல் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு வகுப்பில் உதவி செய்கிறார். நான் நெல் விதைத்தவன் என்று கேள்விப்பட்டதும் எழும்பி வந்து கை தந்தார். அவருடைய வீடும் நெல் வீடாம்.

இனி நீ எழுதுகிறதை நானே வாசிப்பேன். இடையில் ஒருவரும் இல்லை. மச்சானையும் வழக்கம்போல இரண்டு வரி எழுதச் சொல்.

அன்புள்ள அண்ணன்,
பத்மநாதன்


உருத்திரபுரம்
24.06.1996

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி பேபி எழுதுவது. உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு முதலில் யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதென்று நினைத்தேன். கடைசியில் பெயரைக் கண்டதும் படியில் இருந்துவிட்டேன். ஐயா செத்த பிறகு நீங்கள் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து என்னைப் படிக்க அனுப்பினீர்கள். ஊரில் எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தேன், உங்களுக்கு ஒரு எழுத்துச் சொல்லித் தரவில்லை. யாரோ ஒரு ரீச்சர் செய்துவிட்டா. அவவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நீங்கள் சிரமப்படாமல் வாசிக்கவென்று பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு எழுதுகிறேன். முழங்கால் பரவாயில்லை. நீங்கள் விட்டுப் போன மூன்று ஏக்கரில் இரண்டுக்குத்தான் இந்தச் சிறுபோகத்தில் தண்ணீர் கிடைத்தது. பயிர் முழங்கால் உயரம் நிற்கிறது. பசளைதான் இல்லை. இந்தப் பக்கம் வர விடுகிறார்கள் இல்லை. இவர் மாட்டெரு போட்டுப் பார்க்கிறார்.

உங்கள் உடம்பைக் கவனியுங்கள். குளிருக்குக் காதை மூடுங்கள்.

இப்படிக்கு அன்புத் தங்கச்சி,
பேபி

மச்சான், எழுத்து நல்லாயிருக்கு. ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் எண்டால் உமது சுயசரிதைக்கு இன்னொரு பிறப்பு வேணும். நவரட்ணம்.


ஸ்காபரோ
04.08.1996

அன்புள்ள பேபிக்கு,

உன் கடிதத்தைத் தோய்க்கும் அறையில் வாசித்து முடிக்க இரண்டு தரம் உடுப்புச் சுற்றியது. மச்சானின் இரண்டு வரிக்கு மட்டும் தனியாகக் கால் மணித்தியாலம். கோழி கிளறியது போல் எழுதுகிறவர் எனக்குப் புத்தி சொல்கிறார். அந்தக் கடிதம் இப்போது என் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

கிளிநொச்சிப் பக்கம் சண்டை தொடங்கிவிட்டதென்று தமிழ் ரேடியோவில் சொன்னார்கள். இது கிடைத்ததும் உடனே எழுது. எங்கே இருக்கிறீர்கள், என்ன பாடு என்று ஒளிக்காமல் எழுது.

இங்கே ஒரு விசயம் நடந்தது. அதை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்குப் பொறுக்காது.

வகுப்பில் முன்பு செய்த வேலையைப் பற்றிச் சொல்லும் பாடம். நான் என் கால்வாசி ஆங்கிலத்தில், கட்டாயமாக நெல்லை அரசாங்கச் சபைக்கு விற்க வேண்டியிருந்த அந்த வருடத்தைச் சொன்னேன். விளைச்சல் எவ்வளவென்று எழுத ஒபிசர் வந்தார், நான் இருபது மூட்டை என்றேன், உண்மையில் அதன் இரண்டு மடங்கு என்றேன். ஒபிசர் யார் தெரியுமா, என் தங்கச்சியின் புருசன் என்றும் சொன்னேன். சீனக் கிழவி ஒருத்தி கை தட்டிச் சிரித்தாள். அருள்நாயகி ரீச்சரும் சிரித்தா. அலெக்ஸாண்டர் மட்டும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் ரீச்சரைப் பக்கத்தில் இருத்தி, மொழிபெயர்க்கச் சொல்லி, என்னிடம் மூன்று தரம் ஒரே கேள்வியைக் கேட்டார். "உங்கட சொந்த மச்சானுக்குமா?"

ஓம் என்றேன். அவர் அரசாங்கத்து ஆளாக வந்தால் நான் என்ன செய்கிறது என்றேன்.

பிறகுதான் தன் கதையைச் சொன்னார். அவருக்கும் ஒரு அண்ணன். தகப்பன் இல்லாத வீடு. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுக் குத்தகை வயலில் எருமை பூட்டி இவரைப் படிப்பித்தான். இவர் மணிலாவில் படித்து, அமெரிக்காவில் படித்து, முப்பத்து நாலு வயதில் அரிசிப் பகுதிக்குத் தலைவரானார். ஒரு வருடம் எல்லா மாகாணத்திலிருந்தும் விளைச்சல் குறைவென்று கணக்கு வந்தது. கமக்காரர் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் தானே ஜீப்பில் ஊருக்குப் போய் அண்ணனிடம் கேட்டார். அண்ணனும் வழக்கத்தில் பாதிதான் என்றான்.

"ஊர் சொன்னதை நான் நம்பேல்லை. அண்ணை சொன்னதை நம்பினன். அவர் சொன்ன பிறகு எல்லாரையும் நம்பினன்."

வெளிநாட்டு அரிசிக்குக் கையெழுத்து வைத்தார். கப்பல்கள் அறுவடை மாதத்தில் வந்து சேர்ந்தன. நெல் விலை விழுந்தது. அண்ணன் எருமையை விற்றான், குத்தகை வயலை விட்டான், நகரத்துத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனான். மூன்றாம் வருடம் நெஞ்சு வருத்தத்தில் செத்தான். அலெக்ஸாண்டர் அரசாங்க வேலையை விட்டுவிட்டுப் படிப்பிக்கப் போனார். தன் இரண்டாவது புத்தகத்தில் ஐந்தாம் அதிகாரம் முழுக்க, கணக்குச் சரி, விளைச்சல் உண்மையில் குறைவு, கப்பல்தான் பிந்தியது என்று எழுதியிருக்கிறாராம். இருபத்து மூன்று வருடம் அதையே படிப்பித்தாராம்.

"உங்கட கதையைக் கேட்ட பிறகு அது சரியோ எண்டு தெரியேல்லை" என்றார்.

அண்ணனின் மனைவி கிளடிஸ் இன்னும் அந்த ஊரில் இருக்கிறாளாம். அந்த வருடம் உண்மையில் எத்தனை மூட்டை என்று கேட்டு அவளுக்கு எழுதப் போகிறார். நான் ஒரு பகிடி சொல்லப் போய் இப்படி ஆகிவிட்டது. மச்சானிடம் சொல், அவர் என்ன நினைக்கிறார் என்று எழுதச் சொல்.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
பத்மநாதன்


உருத்திரபுரம்
02.10.1996

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் பிந்தித்தான் கிடைத்தது. நாங்கள் சுகம். நீங்கள் ரேடியோவைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சண்டை பட்டணத்துப் பக்கம்தான். அறுவடை நல்லபடி முடிந்தது. நாற்பத்தொரு மூட்டை. இவரும் சுகம்.

உங்கள் சிநேகிதரின் கதை மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்கு ஆறுதல் சொல்லுங்கள்.

குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடுங்கள்.

பேபி


ஸ்காபரோ
17.11.1996

அன்புள்ள பேபிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதல் பனி விழுந்துவிட்டது. காதை மூடித்தான் இருக்கிறேன்.

நாற்பத்தொரு மூட்டை என்று வாசித்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. கடிதத்தோடு ஏழாம் மாடிக்கு ஏறிப் போனேன். ரீச்சரும் அங்கே தேத்தண்ணீர் குடிக்க வந்திருந்தா. அலெக்ஸாண்டரின் வீட்டு பல்கனியில் பதினொரு பெட்டி புத்தகம், மழை படாமல் பொலித்தீன் சுற்றியபடி இருக்கிறது. உள்ளே இடமில்லை.

அவர் பென்சிலை எடுத்தார். எத்தனை ஏக்கர் என்றார். மூன்று, தண்ணீர் இரண்டுக்குத்தான் என்றேன். யூரியா கிடைத்ததா என்றார். இல்லை என்று நீ எழுதியிருந்ததைச் சொன்னேன். சண்டை எந்த மாதம், அறுவடை எந்த மாதம் என்றார். சொன்னேன். ஏதோ எழுதினார், நாற்பத்தொன்று வராது என்றார், பிறகு பென்சிலை வைத்துவிட்டார்.

"உங்கட தங்கச்சி ஆருக்குப் பயப்படுறா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் அண்ணன் பொய் சொன்னால் ஊரில் எல்லோரும் பொய் சொல்வார்களா என்று கேட்டேன். ரீச்சர் அதை மொழிபெயர்க்க மாட்டேன் என்றா. என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்கும். வகுப்புக்கும் இரண்டு கிழமை போகவில்லை.

ஆனால் பேபி, வீட்டில் இருந்து உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆறு வரி. பெரிய எழுத்தில் அரைப் பக்கம். கீழே மச்சானின் எழுத்து இல்லை. முன்பு நிலாணி வாசிக்கும்போது எழுத்து எனக்குத் தெரியாது, குரல்தான் தெரியும். இப்போது யாருடைய எழுத்து இருக்கிறது, யாருடையது இல்லை என்று பார்க்கத் தெரியும்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மச்சான் அந்த வருடம் காற்சட்டையும் கொப்பியுமாக வந்து கேட்டபோது இருபது என்றேன். எழுதிக்கொண்டு போனார். பொழுதுபட்ட பிறகு காற்சட்டையைக் கழற்றிச் சாரத்தைக் கட்டிக்கொண்டு தனியாக வந்தார். "இப்ப சொல்லும்" என்றார். நாற்பத்தொன்று என்றேன். இருவரும் சிரித்தோம். நீ ஒடியல் கூழ் காய்ச்சினாய். அவர் கொப்பியைத் திருத்தவில்லை. உனக்கும் அந்த எண் மறக்கவில்லைப் போல.

மச்சானை இரண்டு வரி எழுதச் சொல். ஒரு வரியானாலும் போதும்.

பத்மநாதன்


உருத்திரபுரம்
05.01.1997

அன்புள்ள அண்ணைக்கு,

புது வருடம் உங்களுக்கு நோயில்லாமல் போகட்டும். இவருடைய கண்ணாடி உடைந்துவிட்டது. இங்கே மாற்ற இடமில்லை. அதனால்தான் எழுதவில்லை. நீங்கள் வீணாக யோசிக்க வேண்டாம். அந்தப் பிலிப்பைன்ஸ் ஐயாவோடு கோபிக்காதீர்கள். இங்கே கடதாசி தட்டுப்பாடு. அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

பேபி


ஸ்காபரோ
16.02.1997

அன்புள்ள பேபிக்கு,

கண்ணாடிக்கு என்ன அளவென்று எழுது. கிருபன் அனுப்ப வழி பார்ப்பான். மச்சான் கண்ணாடி இல்லாமலே கோழி கிளறுகிறவர் என்றும் சொல்லு.

அலெக்ஸாண்டரோடு கோபம் தீர்ந்தது. நத்தார்ப் பெருநாளுக்கு முதல் நாள் அவரும் பேர்ணடெற்றும் எங்கள் கதவைத் தட்டினார்கள். கையில் வாழையிலையில் அவித்த அரிசிப் பலகாரம். இந்த ஊரில் வாழையிலை ஐஸ்பெட்டியில்தான் கிடைக்கும், அதைத் தேடி வாங்கிச் செய்திருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவர் ஒரு கடிதத்தை நீட்டினார். கிளடிஸின் பதில் வந்துவிட்டது. அவர்களுடைய மொழியில் இருந்தது. பேர்ணடெற் ஆங்கிலத்தில் சொன்னாள், நிலாணி எனக்குத் தமிழில் சொன்னாள்.

கிளடிஸ் எழுதியிருக்கிறாள்: நீ ஜீப்பில் வந்தாய், கூட இரண்டு உத்தியோகத்தர்கள். வேலியோரம் நிலக்காரனின் ஆள் நின்றான். அவன் முன்னால் எப்படி உண்மை சொல்வது? நிலக்காரனுக்குக் காட்டிய கணக்குத்தான் உனக்கும் சொன்னார். அன்று பின்னேரம் என்னிடம் மீன் வாங்கிச் சமைக்கச் சொன்னார். தம்பி தனிய வருவான், வந்து திரும்பக் கேட்பான் என்றார். நாங்கள் விளக்கு எரிய எரிய இருந்தோம். நீ மணிலாவுக்குத் திரும்பிப் போய்விட்டாய் என்று அடுத்த நாள்தான் தெரிந்தது.

எத்தனை மூட்டை என்றும் எழுதியிருந்தாள். அந்த எண்ணை பேர்ணடெற் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

"அண்டைக்குப் பின்னேரம் மாகாணக் கந்தோரிலை கூட்டம் இருந்தது" என்றார் அலெக்ஸாண்டர். பிறகு, "அங்கையிருந்து வழி நாலு மைல்தான்" என்றார்.

நானும் தங்கச்சியைப் படிக்க அனுப்பிய அண்ணன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உங்கட அண்ணை கோபத்தோடை செத்திருக்க மாட்டார், காத்துக்கொண்டிருந்துதான் செத்திருப்பார் என்றேன். நிலாணி அதைச் சொல்லுவதற்கு முன் என்னைப் பார்த்தாள், சொல்லட்டோ என்று. சொல்லு என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அது ஆறுதலாக இருந்திருக்காது.

அதன் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. நான் மேலே போனால் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். ஐந்தாம் அதிகாரத்தைத் திரும்ப எழுதுகிறேன் என்றார். இருமல் அதிகம். போகும்போதெல்லாம் ஒன்றையே கேட்பார். உன் தங்கச்சியைத் திரும்பக் கேட்டாயா?

கேட்டேன் என்றேன். கேட்கவில்லை பேபி. கண்ணாடி உடைந்ததென்று நீ எழுதினாய், நானும் கண்ணாடி அளவு கேட்டு எழுதுகிறேன்.

பத்மநாதன்


ஸ்காபரோ
09.03.1997

அன்புள்ள பேபிக்கு,

உன் பதில் வருமுன் எழுதுகிறேன். அலெக்ஸாண்டர் போய்விட்டார். இருமல் நியூமோனியாவாகி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். நான் இரண்டு நாள் போய்ப் பக்கத்தில் இருந்தேன். ரீச்சர் வராததால் பேச முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தேவாலயத்தில் நிறையச் சனம். ஒருவர் எழும்பி, அவர் பார்த்த உத்தியோகங்களையும் வாங்கிய பட்டங்களையும் வாசித்தார். திட்டமிடல் கந்தோர், பல்கலைக்கழகம், நாலு புத்தகம், வெளிநாட்டு மாநாடுகள். நீண்ட வாசிப்பு. நாலு மைல் வழியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவர்கள் அவர் மகளும், நான் சொல்லிக் கேட்ட அருள்நாயகி ரீச்சரும், நிலாணியும், இந்த நெல் விதைத்தவனும்தான்.

பிறகு பேர்ணடெற் எனக்கு அவருடைய இரண்டாவது புத்தகத்தைத் தந்தாள். அட்டையில் அவர் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நானே வாசித்தேன். உள்ளே ஐந்தாம் அதிகாரம், முப்பத்தொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை பென்சிலால் ஒரு கோடு இழுத்திருக்கிறார். அதை வாசிக்க ஆங்கிலம் தேவையில்லை. புதிதாக எழுதியது எங்கே என்று கேட்டேன். ஒரு தாள் காட்டினாள். தலைப்பு மட்டும் எழுதி, கீழே வெறுமையாக இருந்தது. தலைப்பு என்ன என்று நிலாணியிடம் கேட்டேன். 'இரண்டாம் முறை' என்றாள்.

பேபி, நீ சொன்னதையெல்லாம் நான் காற்சட்டை போட்டுக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன். வயல் என்னுடையது, நான் கனடாவில் இருக்கிறேன், எத்தனை மூட்டை என்று கேட்கிறேன். நீயும் கனடாக்காரனுக்குச் சொல்லக்கூடிய கணக்கைச் சொன்னாய். ஒபிசருக்குப் பாதி சொன்ன வீடு அண்ணனுக்கு இரண்டு மடங்கு சொல்லும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது சாரத்தோடு வந்திருக்கிறேன். தனியாகத்தான் வந்திருக்கிறேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. மச்சான் எங்கே?

அண்ணன்


மல்லாவி
30.04.1997

அண்ணை,

எழுத்தைச் சிறிதாக எழுதுகிறேன். உங்களுக்கு இப்போது வாசிக்க வரும்.

போன வருடம் ஆடி மாதக் கடைசியில் ஷெல் விழத் தொடங்கியதும் வெளிக்கிட்டோம். முதலில் அக்கராயன், பிறகு மல்லாவி. பயிர் கதிர் தள்ளி நின்றது. அறுக்கவில்லை. ஒரு மூட்டையும் இல்லை. எப்போதும் கையில் இருந்த எண்ணைத்தான் எழுதினேன்.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்து மரத்தடியில் இருந்தோம். இவருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. மருந்து இல்லை. செப்டெம்பர் பதினெட்டு, புதன்கிழமை விடிய. அதற்குச் சில நாள் முந்தி உங்கள் ஆவணி மாதக் கடிதத்தை யாரோ உருத்திரபுரத்திலிருந்து கொண்டுவந்து தந்தார்கள், அப்போது இவர் கண் திறக்கும் நிலையில் இருந்தார். வாசித்துக் காட்டினேன். சீனக் கிழவி கை தட்டின இடத்தில் சிரித்தார். "அவருக்கு இருபதும் நாற்பத்தொண்டும் இரண்டும் எழுதினனான், ஒண்டு கொப்பியிலை, ஒண்டு மனதிலை" என்றார். உங்களுக்கு எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை.

ஏன் ஒளித்தேன் என்று கேட்பீர்கள். முன்பென்றால் எழுதியிருப்பேன். நிலாணி முதலில் தான் வாசித்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்து, உங்களைப் பக்கத்தில் இருத்திச் சொல்லியிருப்பாள். இப்போது நீங்களே வாசிக்கிறீர்கள். அந்தத் தோய்க்கும் அறையில், மெசின்களுக்கு நடுவில், எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி இவருடைய சாவுக்கு வந்து சேர்வீர்கள். அதை என்னால் நினைக்க முடியவில்லை. நீங்கள் எழுதப் பழகி நான் சொல்லும் முதல் செய்தி அதுவாக இருக்கக் கூடாதென்று நினைத்தேன்.

நான் இப்போது இவருடைய பெரியம்மா மகளின் கொட்டிலில் இருக்கிறேன். சாப்பாடு கிடைக்கிறது. முழங்கால் நல்லாய் இல்லை.

இன்னொரு தரம் கேட்டதற்கு நன்றி அண்ணை.

பேபி


ஸ்காபரோ
15.06.1997

என் தங்கச்சி பேபிக்கு,

உன் கடிதத்தைத் தோய்க்கும் அறையில் வாசிக்கவில்லை. உறையில் மல்லாவி என்றிருந்ததைக் கண்டதும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நிலாணி வேலையில் இருந்தாள். கிளாசில் தண்ணீர் எடுத்துவந்து நானே பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். புதன்கிழமை என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அதற்கு மேலே போக அன்று முடியவில்லை. மிச்சத்தை அடுத்த நாள் வாசித்தேன்.

மச்சானின் இரண்டு வரி இருக்கும், நானே வாசித்த அந்த ஒரு கடிதத்தை எடுத்து, அந்த வரிகளின் மேல் விரலை வைத்து எழுதிப் பார்த்தேன். கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. என்னால் அப்படி எழுத வரவில்லை.

கிருபன் உன்னை வவுனியாவுக்கு எடுக்கவும் அங்கிருந்து இங்கே கூப்பிடவும் வழி பார்க்கிறான். நடக்குமோ தெரியாது. நடக்கும் என்று உனக்கு எழுத மாட்டேன். நடந்தால் எழுதுவேன்.

உடம்பைக் கவனியுங்கள், காதை மூடுங்கள் என்று நீ எழுதினாய். சுகம் என்று எழுதினேன். நீயும் ஒருநாள் சாரத்தோடு வந்து கேட்பாய்தானே, அதனால் இப்போதே சொல்கிறேன். கிருபன் இரண்டு வேலை. நிலாணி பின்னேரம்தான் வருவாள். என் மனுசி, உன் மச்சாள், செத்த பிறகு பகல் முழுக்க இந்த வீட்டில் என்னோடு கதைக்க ஒருவரும் இல்லை. ஆங்கிலம் படிக்கவென்று நான் அந்த வகுப்புக்குப் போகவில்லை. சனம் இருக்கும் ஒரு அறையில் இருக்கத்தான் போனேன். அங்கே அலெக்ஸாண்டர் எழும்பி வந்து கை தந்தார். இப்போது அந்தக் கதிரை வெறுமையாக இருக்கிறது, அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். இரவில் முழங்கால் எனக்கும் வலிக்கிறது. உனக்குச் சொல்லவில்லை.

ஏழாம் மாடியில் பேர்ணடெற் பதினொரு பெட்டியையும் இன்னும் பல்கனியில்தான் வைத்திருக்கிறாள். போன கிழமை மழைக்குப் பொலித்தீன் கிழிந்திருந்தது. நானும் அருள்நாயகி ரீச்சருமாகப் போய்ப் புதிதாகச் சுற்றிக் கட்டினோம். "மூட்டை கட்டிறதிலை நீங்கள்தான் பேராசிரியர்" என்றா ரீச்சர். அப்போது சிரித்தோம்.

உன் சிறிய எழுத்து எனக்கு நல்லாய் வாசிக்க வருகிறது. இனி அப்படியே எழுது. தபால் போய்ச் சேர இரண்டு மாதம் என்று எனக்குத் தெரியும். பதிலுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை உடுப்புத் தோய்க்கும் நாள், ரீச்சரும் வருவா. வருகிற செவ்வாயும் அந்த அறையின் மர வாங்கில் இருந்துகொண்டு உனக்கு ஒரு பக்கம் எழுதுவேன்.

அண்ணன்